பான்ஸே என்றொரு சொல்

புதுச்சேரிக்கு வெளியே, கடலோரச் சவுக்குத் தோப்பை ஒட்டி, ஆறாத புண்களுக்கு வைத்தியம் பார்க்கும் இல்லம் ஒன்று இருந்தது. அதை நடத்திய செவ்வந்திக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகைவேலனுக்கு அறுபத்து மூன்று.

அவர் முப்பது வருஷம் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவர். ஓய்வு பெற்றதும், இந்தத் தொண்டைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வந்தார். ஆனால் திறந்த புண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆறு வாரமாகக் கட்டுத்துணி வெட்டினார், சுருட்டினார்.

சுருட்டும்போது சொற்களைப் பற்றிப் பேசுவார். காயத்தில் ஒட்டும் கட்டுக்கு ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஸ்வீடன்காரர், ருஷ்யர் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே சொல்தான். மேலே பூசுவது என்று கிரேக்கர் சொன்னதிலிருந்து வந்தது. நம்மூர்ப் பிளாஸ்திரியும் அந்தக் குடும்பம்தான் என்பார். ஜெர்மானியர் தெருவில் பாவிய கல்லையும் அதே சொல்லால் சொல்வார்கள். இத்தாலியருடையது மெழுகிலிருந்து பிறந்தது.

ஒரு காலையில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிரெஞ்சுல ஒண்ணு எனக்கு விளங்கவே இல்லைம்மா. காயத்துக்குக் கட்டுப் போடுறதும் பான்ஸே, நினைக்கிறதும் பான்ஸே. எழுதும்போது ஒரு எழுத்து மாறும், அவ்வளவுதான். வேர் ஒண்ணு. ரெண்டும் எப்படி ஒரே சொல்லாச்சு?"

செவ்வந்தி கையைக் கழுவித் துடைத்தார்.

"மூணாவது கட்டில்ல இருக்கிற சிங்காரத்துக்கு இன்னைக்கு நீங்க கட்டு மாத்துங்க, சார்."

சிங்காரம் மீனவர். படகு எஞ்சின் சூட்டில் கெண்டைக்கால் வெந்து வந்தவர். கட்டுப் பிரிக்கும் வலி தாங்காமல், வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனால் கால் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தணிகைவேலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை இழுத்தார். அது சதையோடு ஒட்டியிருந்தது. சிங்காரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போனார். துணியில் ரத்தம் கசிந்தது.

"விட்டுடுங்க ஐயா," என்றார். "நான் போறேன்."

செவ்வந்தி கோபிக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தைத் தணிகைவேலனின் கையில் கொடுத்து, சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தணிகைவேலன் ஒட்டிய துணிமேல் தண்ணீரை விட்டார். துணி ஊறுவதற்கு நேரமாயிற்று. வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் காலையே பார்த்தார். வெடித்த குதிகால், தேய்ந்துபோன நகங்கள். இந்தக் காலை ஊன்றித்தானே இவர் படகைத் தள்ளியிருப்பார் என்று தோன்றியது. இனி யார் தள்ளுவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். தம்பியும் தானும் பேசிக்கொள்வதில்லை என்றும், இப்போது அவன்தான் கடலுக்குப் போய் இவர் வீட்டுக்கும் மீன் கொடுத்தனுப்புகிறான் என்றும் சிங்காரம் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. தணிகைவேலன் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

அரை மணி நேரம் போயிற்று. துணி தானாகவே கழன்று வந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, புதுத்துணி சுற்றினார். சுற்று கோணலாகத்தான் விழுந்தது.

சிங்காரம் குனிந்து பார்த்தார். "நாளைக்கும் நீங்களே வாங்க ஐயா," என்றார்.

தணிகைவேலன் செவ்வந்தியிடம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"கட்டுச் சரியா வரலைம்மா. துணி கோணலாப் போச்சு."

"துணி ஊறுற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க, சார்?"

"ஒண்ணும் பண்ணலை. அவரையே நினைச்சிட்டிருந்தேன்."

"கட்டு அப்பவே போட்டாச்சு," என்றார் செவ்வந்தி. "துணி அப்புறம் சுத்தினதுதானே."