செண்பகவல்லி போட்ட நாலு

செண்பகவல்லி யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. வாரம் மூன்று நாள், காலையில், பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி குத்தி நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நர்ஸ் ஐந்து நிமிஷம் முன்னதாக மெஷினை நிறுத்திவிடுகிறாளோ என்று கடிகாரத்திலேயே கண்ணாக இருப்பாள்.

அடுத்த கட்டிலில் ஜெசிந்தா. அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆறு வருஷமாக அங்கே வந்துகொண்டிருப்பவள். படுத்தபடியே செய்தித்தாளில் வரும் சுடோகு என்ற எண்புதிரைப் போடுவாள். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

“கீழே விடை போட்டிருக்கானே. அதைப் பார்த்துதானே எழுதுதே?” என்றாள் செண்பகவல்லி.

ஜெசிந்தா நர்ஸைக் கூப்பிட்டாள். விடை இருந்த பகுதியைக் கிழித்துச் செண்பகவல்லியிடம் கொடுக்கச் சொன்னாள். அரைமணி நேரத்தில் கட்டங்களை நிரப்பி நீட்டினாள்.

செண்பகவல்லி ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்பார்த்தாள். எல்லாம் சரி.

“எனக்கும் சொல்லிக்கொடு.”

“ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரை. ஒரு வரிசையில ஒரு எண் ஒரு தடவைதான் வரணும். மேலேயிருந்து கீழேயும் அப்படித்தான். இந்தச் சின்னச் சதுரத்துக்குள்ளேயும் அப்படித்தான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அக்கா.”

அவ்வளவுதான் இருக்காது, இவள் எதையோ மறைக்கிறாள் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை வந்தபோது மளமளவென்று எழுதினாள். கடைசி வரிசையில் இரண்டு ஏழு வந்து நின்றது.

“அச்சுல தப்பு,” என்றாள்.

ஜெசிந்தா தாளை வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

“இந்த நாலு எப்படி வந்தது?”

“அங்கே நாலுதான் வரும்.”

“ஒன்பதும் வரலாமே.”

“பார்த்தாலே தெரியுது, நாலுதான்.”

ஜெசிந்தா ரப்பரை எடுத்து அந்த நாலை அழித்தாள். பிறகு செண்பகவல்லி எழுதிய எல்லாவற்றையும் அழித்தாள்.

“ஒரு கட்டம்தானே தப்பு. எல்லாத்தையும் என்னத்துக்கு அழிக்கே?”

“மத்ததெல்லாம் அதை நம்பி எழுதினது அக்கா.”

செண்பகவல்லி அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

அடுத்த முறை அவளே கேட்டாள். “ரெண்டு எண் வரலாம்னு இருந்தா என்ன செய்யணும்?”

“மூலையில ரெண்டையும் பொடிசா எழுதி வெச்சுக்கோங்க. வேற இடத்தைப் பாருங்க.”

“எது சரின்னு தெரியாம எப்படி இருக்கது?”

“கஷ்டம்தான்.”

ஜெசிந்தா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“உங்களைக் கூட்டிட்டுப் போக யாரும் வரமாட்டாங்களா அக்கா?”

“ஒரு அண்ணன் இருக்கான், சங்கரன்கோவில்ல. கிட்னி கொடுக்கேன், டெஸ்ட் எடுக்க வாரேன்னான். வரல. போனையும் எடுக்கல. அவன் பொண்டாட்டி, எங்க மைனி, தடுத்துட்டா. நானும் அவங்க வீட்டுப் பக்கம் போறதை விட்டுட்டேன். அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. போகல. பலகாரம் கொடுத்துவிட்டாங்க. திருப்பி அனுப்பிட்டேன்.”

“மைனி தடுத்ததா யார் சொன்னா?”

“யாரும் சொல்லணுமா?”

ஜெசிந்தா தன் தாளில் ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எதையும் எழுதவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. சாயங்காலம் அடித்தாள். மைனிதான் எடுத்தாள்.

“அண்ணனை வரவிடாமத் தடுத்தது நீங்கதானே மைனி?”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆமா செண்பகம். நான்தான்,” என்றாள் மைனி.

மறுநாள் டயாலிசிஸ். ஊசி குத்தி முடியும்வரைகூடச் செண்பகவல்லி பொறுக்கவில்லை.

“நான் சொன்னது சரியாப் போச்சு. மைனிதான் தடுத்திருக்கா. அவளே ஒத்துக்கிட்டா.”

“சரி.”

“அண்ணனுக்குச் சர்க்கரையாம். முந்நூறுக்கு மேல இருந்திருக்கு, கிட்னி கொடுக்கக் கூடாதாம். அதை மறைச்சுட்டு வந்து கொடுத்திரணும்னு கிளம்பியிருக்கான். இவ வாசல்ல படுத்து மறிச்சிருக்கா. தங்கச்சிகிட்ட சொல்லாதேன்னு அவன் சத்தியம் வாங்கியிருக்கான். என்கிட்ட பேசினா அழுதிருவான்னு போனை எடுக்கல.”

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நேத்துப் போனை வெச்சவ, விடிஞ்சும் விடியாம முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து நிக்கா. நான் கூப்பிடல. என்னத்துக்கு வந்திருக்கான்னு தெரியல. உண்மையிலேயே எனக்கு முடியலையான்னு பார்க்க வந்தாளோ என்னவோ.”

அவள் குரல் தணிந்தது.

“நீ சொல்லு. தடுத்தது அவதான். ஆனா நான் நினைச்ச மாதிரி இல்ல. அப்போ நான் போட்டது சரியா, தப்பா?”

“மைனி இப்போ எங்கே அக்கா?”

“வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கா.”

“காலையில ஏதாவது சாப்பிட்டாங்களா?”

“நான் கேக்கலையே,” என்றாள் செண்பகவல்லி. பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள்.