சூரியக் கதிர் விரித்த ஆன்டெனா

ஆலங்கரைப்பட்டி ஹாம் ரேடியோ சங்கத்துக்குத் தலைவர் சவரிமுத்து, பொருளாளர் மைதீன் பிச்சை, செயலாளர் தணிகாசலம். உறுப்பினர்களும் அவர்களேதான். புயலடித்து செல்போன் கோபுரம் சாய்ந்தால், ஊர் நிலவரத்தை ரேடியோவில் மாவட்டத் தலைநகருக்குச் சொல்வது இவர்கள் பொறுப்பு. போன வருஷ ஒத்திகையில் இவர்கள் குரல் கொசு ரீங்காரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இந்த வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நடக்கும் ஒத்திகையிலும் அப்படியே ஆனால், பொறுப்பு பக்கத்து ஊர்ச் சங்கத்துக்குப் போய்விடும்.

அதை நினைத்து தணிகாசலத்துக்குச் சோறே இறங்கவில்லை. ஆன்டெனாக் கம்பம் நிற்பது அவர் வீட்டு முற்றத்தில். நாற்பது வருஷமாக ரேடியோ பேசும் வைஜயந்தி அம்மாளை போனில் பிடித்து யோசனை கேட்டார்.

"கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவுல பத்தடி இருக்கணும் சார். அப்புறம் கம்பத்தடியில பதினாறு செம்புக் கம்பியைக் கட்டி, சூரியக் கதிர் மாதிரி சுத்தியும் தரையில விரிங்க. குரல் நல்லா தூரம் போகும்."

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கம்பத்தை நகர்த்த முடியாது. கான்கிரீட் போட்டிருக்கு" என்றார் தலைவர்.

"சுவருக்கு அடியில கான்கிரீட் இல்லையே" என்றார் மைதீன் பிச்சை.

செங்கல் செங்கலாகப் பிரித்து, சுவரை அளவு பிசகாமல் தள்ளி அடுக்கினார்கள். அங்கே தெரு இருந்தது. மாலையில் வந்த டவுன் பஸ், வழி தவறிவிட்டோமென்று நினைத்து ரிவர்ஸிலேயே போய்விட்டது.

"வீட்டுச் சுவர் எங்கேங்க?" என்று கேட்டாள் தணிகாசலத்தின் மனைவி செண்பகவல்லி.

"எங்கேயும் போகலை. கொஞ்சம் வெளியில நிக்குது."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்தான் வரவில்லை.

மறுநாள் காலை பதினாறு கம்பிகளையும் விரித்தார்கள். கம்பம் பார்க்கவே லட்சணமாக இருந்தது. பொழுது சாய்ந்ததும் தலைவர் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஏன் சுருட்டுறீங்க?" தணிகாசலம் பதறினார்.

"சூரியன் இறங்கிடுச்சேய்யா. கதிர் மட்டும் தரையில கிடக்கலாமா?"

நியாயம்தான். அன்றிலிருந்து காலையில் விரிப்பதும் மாலையில் சுருட்டுவதுமாக நாலு நாள் ஓடியது. இடுப்பு ஒடிந்த பிறகுதான் தணிகாசலத்துக்கு உறைத்தது. ஒத்திகை மாலை ஏழு மணிக்கல்லவா!

அவர் அழாத குறை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஒரு வழி தோன்றியது. கல்யாணப் பந்தலில் கட்டும் பெரிய ஃபோகஸ் லைட்டை வாடகைக்கு எடுத்துவந்து, கம்பத்தின் உச்சியில் கட்டி எரியவிட்டார். தலைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ம், உதயமாயிடுச்சு. விரிக்கலாம்" என்று அனுமதி கொடுத்தார்.

ஏழு மணிக்கு தணிகாசலம் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார். ரேடியோவில் மாவட்ட அதிகாரியின் குரல் கணீரென்று வந்தது. "ஆலங்கரைப்பட்டி! பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேட்குது. ரொம்ப பிரமாதம்! மத்த ஊர்களையும் விசாரிச்சிட்டு வர்றேன், லைன்லயே நில்லுங்க."

மூவரும் சட்டென்று எழுந்தார்கள். தலைவர் முன்னால் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மைதீன் பிச்சை, கடைசியில் தணிகாசலம்.

கொஞ்ச நேரத்தில் குரல் திரும்ப வந்தது. "ஆலங்கரைப்பட்டி, லைன்ல இருக்கீங்களா? ஆலங்கரைப்பட்டி!"

மைக் மேஜைமேல், நாலடி தூரத்தில் கிடந்தது. தணிகாசலம் அதை எட்டிப் பார்த்தார்.

"தலைவரே, கூப்பிடுறாங்க."

"அசையாதேய்யா" என்றார் சவரிமுத்து, திரும்பாமலே. "நாம லைன்ல நிக்கிறோமான்னு சோதிக்கிறாங்க."