தேவலை என்று சொன்ன எருமை

வாயுள்ள பிராணிகளெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காரி என்ற எருமைக்கு உடம்பெல்லாம் தோல் எரிச்சல். வெயில் ஏற ஏற நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் எரியும். கன்று வந்து மடியில் வாய் வைத்தால் போதும், அவள் கால் தன்னையறியாமல் உதைத்துவிடும். பாலில்லாமல் கன்று எலும்பும் தோலுமாகிவிட்டது.

காட்டுக்கு ஒரே வைத்தியர் உடும்பு. கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதும் அவரேதான். தன் குளத்துச் சேற்றை அள்ளிக் காரியின் மேல் பூசினார். சில்லென்றது.

"குணமாயிடுச்சா?"

"குணமாயிடுச்சுங்க!" என்று காரி சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் மோசம் போனாள். நோயாளி தன் வாயால் அப்படிச் சொல்லிவிட்டால், அந்த நோய்க்கு மறுபடி மருந்து கேட்கக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். பாழாய்ப்போன வழக்கம்!

மறுநாள் உச்சி வெயிலில் சேறு காய்ந்து உதிர்ந்தது. எரிச்சல் பழையபடி வந்தது. பால் குடிக்க வந்த கன்று உதை வாங்கி உருண்டது. எழ முடியாமல் அம்மாவையே பார்த்தது. காரிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. குளத்துக்கு ஓடினாள்.

"இன்னும் கொஞ்சம் சேறு பூசுங்க வைத்தியரே. புள்ள பட்டினி கிடக்கு."

"குணமாச்சுன்னு நேத்து நீதானே சொன்னே? சொன்னது சொன்னதுதான். என் பேரைக் கெடுக்காம போ."

காரிக்கு வந்ததே கோபம்! "என் புள்ள சாகுது, உமக்குப் பேரு ஒரு கேடா?" என்று கொம்பால் ஒரே தள்ளு. வைத்தியர் பொத்தென்று புதரில் போய் விழுந்தார். காரி குளத்தில் இறங்கிச் சேற்றில் புரண்டு எழுந்தாள். கன்றைக் கூப்பிட்டாள். அது தள்ளாடித் தள்ளாடி வந்து மடியை முட்டி முட்டிக் குடித்தது. காரியின் கால் அசையவில்லை.

சத்தம் கேட்டு மிருகங்கள் கூடிவிட்டன. "குணமாயிடுச்சுதானே? சொல்லு!" என்று புதருக்குள்ளிருந்து உடும்பு கத்தினார்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன். எரிச்சல் உள்ளேயேதான் இருக்கு. இப்போதைக்குத் தேவலை, அவ்வளவுதான். நாளைக்கும் வருவேன், நாளன்னிக்கும் வருவேன். எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்!"

'தேவலை' என்பது அதுவரை யாரும் சொல்லாத சொல். அதைச் சொன்னவரை விரட்ட எந்த வழக்கமும் இருக்கவில்லை.

அன்று தொட்டுத்தான் எருமைகள் தினமும் சேற்றில் போய்ப் படுக்கின்றன. யாராவது வந்து "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், நோய் விடாதவர்கள் "தேவலை" என்று மட்டும் சொல்வதும் அன்று முதல்தான். நாளைக்கும் மருந்து கேட்க வேண்டுமே!