மஞ்சள் ரிப்பனின் பின்பக்கம்

குளக்கரைப் பூவரச மரத்தில் கோமளம் என்ற தையல்சிட்டு குடியிருந்தது. இலைகளைச் சேர்த்து நாரால் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு திணித்து, அதில் முட்டையிட்டிருந்தது. அது பிழைப்புக்கான தையல். எல்லாத் தையல்சிட்டும் செய்வதுதான்.

கோமளத்துக்கு அதற்கு மேலும் ஒரு கிறுக்கு உண்டு. தேர்த் திருவிழா முடிந்ததும் முள்வேலியில் சிக்கிக் கிடக்கும் ரிப்பன்களைப் பொறுக்கி வரும். கூட்டின் வெளிப்பக்கத்து இலையில் பூப்பூவாகத் தைக்கும். அலகால் ஒரு துளை போட்டு, ரிப்பனை நுழைத்து, மெல்ல இழுத்து, இதழ் உப்பலாக நிற்கும்போது விட்டுவிட வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் இதழ் சுருங்கிக் கயிறாகிவிடும். இதனால் முட்டை சீக்கிரம் பொரிக்கப்போவதில்லை. புழுவும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் ஓர் இதழ் சரியாக விழுந்துவிட்டால் அன்று முழுக்கக் கோமளத்தின் பாட்டு ஓயாது.

பக்கத்து மருதமரப் பொந்தில் செல்லி என்ற அணில் இருந்தது. கோமளத்தின் பூக்களைப் பார்த்துப் பார்த்து அதற்கும் ஆசை வந்துவிட்டது. கருவேல முள்ளை ஊசியாக்கிக்கொண்டு அகலமான தேக்கிலையில் அதுவும் தைக்க ஆரம்பித்தது.

கோமளம் இரை தேடப் போகும்போது கூட்டுக்குக் காவல் செல்லிதான். வால்காக்கை ஒன்று அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். அதன் தலை தெரிந்தாலே செல்லி கீச்சுக் கீச்சென்று கத்தும். கோமளம் பறந்து வந்துவிடும். இரண்டும் சேர்ந்து கூச்சல் போட்டு விரட்டும். முட்டைகள் அதுவரை தப்பியது அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் கோமளம், ரிப்பன் சுற்றி வைத்திருந்த குச்சியைப் பார்த்தது. மஞ்சள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

தைத்த பூக்களைப் பார்த்தது. எல்லாம் பொடிப் பூக்கள். இவற்றுக்கு அவ்வளவு ரிப்பன் பிடித்திருக்காது. பின்னே எங்கே போனது?

காற்று அடித்துக்கொண்டு போகவில்லை. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. காக்கைக்கும் மைனாவுக்கும் ரிப்பன் எதற்கு? இந்தக் கரையில் ரிப்பனுக்கு ஆசைப்படுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

அந்த நினைப்பு வந்ததும் பூவரசே வேறு மரமாகத் தெரிந்தது. இலை அசைந்தால் யாரோ ஒளிகிற மாதிரி இருந்தது. கோமளம் மருதமரத்துக்குப் பறந்தது.

“செல்லி, நீ தைக்கிறதைக் கொண்டா, பார்ப்போம்.”

செல்லி சந்தோஷமாகத் தேக்கிலையை இழுத்து வந்தது. நடுவில் மஞ்சளாக ஒரே ஒரு பூ. இதழ்கள் ஒன்று கிழக்கே பார்த்தால் ஒன்று மேற்கே பார்த்தது.

“எப்படிக்கா இருக்கு? சிரிக்கக் கூடாது.”

“மஞ்ச ரிப்பன் ஏது உனக்கு?”

“வேலியிலதான் பொறுக்கினேன். நீங்க வேணாம்னு விட்டுட்டுப் போன துண்டு.”

“பூ ஒண்ணே ஒண்ணு. இலை ஏன் இவ்வளவு கனமா இருக்கு?”

“பின்னாடி இன்னொரு இலையை வெச்சுத் தைச்சு மூடியிருக்கேன்.”

“திருப்பு, பார்க்கலாம்.”

செல்லி இலையை மார்போடு அணைத்துக்கொண்டது. “பின்பக்கம் வேணாங்க்கா. முன்பக்கத்தை மட்டும் பாருங்க.”

“ஏன், பின்பக்கம் வெட்கப்படுதா?”

“அப்படித்தான்னு வெச்சுக்கோங்களேன்,” என்று சிரித்துவிட்டுச் செல்லி பொந்துக்குள் ஓடிவிட்டது.

அந்தச் சிரிப்பு கோமளத்தின் மனசில் முள்ளாகத் தைத்தது. வழியில் பாறைமேல் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கோமளம் அதன் எதிரே இறங்கியது.

“ஓணான் அண்ணே, என் ரிப்பனை யாராவது எடுத்தாங்களா?”

ஓணான் தலையாட்டியது.

“அணிலா?”

ஆட்டியது.

“அந்தத் தேக்கிலைக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருக்காளா?”

இன்னும் பலமாக ஆட்டியது.

யார் எதைக் கேட்டாலும் ஓணான் தலையாட்டும். குளக்கரையில் எல்லோருக்கும் அது தெரியும். கோமளத்துக்கும் தெரியும். மழை வருமா என்று இதே ஓணானிடம் கேட்டுவிட்டு, ஆட்டிய தலையைப் பார்த்துச் சிரித்தபடி போன சிட்டுதான் அது. இன்றைக்கு மட்டும் அந்தத் தலையாட்டல் சாட்சியாகிவிட்டது.

கோமளம் பறந்துபோன பிறகு ஓணான் கண்ணைத் திறந்தது. “யாரோ என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சே,” என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

கோமளம் நேராகப் போய்ச் செல்லியைக் கூப்பிட்டது. “நான் இரை தேடிட்டு வரேன். கூட்டைப் பார்த்துக்கோ.”

“போய்ட்டு வாங்க. நான் எங்கே போகப்போறேன்?” என்று செல்லி பூவரசுக்குத் தாவி வந்து காவல் உட்கார்ந்தது.

எங்கே போகப்போறேனா? பேச்சைப் பார், பேச்சை! என்று கோமளம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டது. குளத்தின் பக்கம் பறப்பதுபோல் பறந்து, கண் மறைந்ததும் வளைந்து, பின்பக்கமாக வந்து மருதமரப் பொந்துக்குள் நுழைந்தது.

தேக்கிலை சுவரோரம் சாய்ந்து நின்றது. கோமளம் அலகை விட்டு முதல் தையலைப் பிரித்தது.

அப்போது பூவரசிலிருந்து குரல் வந்தது. “அக்கா! வால்காக்கை! ஓடி வாங்க!”

கோமளத்தின் சிறகு தானாக விரிந்தது. உடனே நினைப்பு வந்து அதை மடக்கியது. நான் உள்ளே நுழைந்ததை அவள் பார்த்திருப்பாள். திருட்டு வெளியே வந்துவிடும் என்றுதான் இந்தக் கூச்சல். இவ்வளவு நேரம் வராத வால்காக்கை இப்போதுதான் வருமாக்கும்!

“அக்கா! அக்கா!”

கத்து, நன்றாகக் கத்து. கோமளம் இன்னும் வேகமாகப் பிரித்தது. மூடியிருந்த இலையைக் கிழித்து எறிந்தது.

உள்ளே ரிப்பன் சுருள் இல்லை. முடிச்சுகள் இருந்தன. முடிச்சின்மேல் முடிச்சு. இடம் தப்பிக் குத்திய துளைகள், அந்தத் துளைகளை அடைக்கச் செருகிய நார், முறுக்கிக்கொண்டு பிய்ந்த ஓரங்கள். புதிதாகத் தைக்கிற ஒருத்தி யாருக்கும் தெரியக் கூடாதென்று மறைத்த அலங்கோலம். கோமளமும் முதல் பூவை இப்படித்தான் தைத்தது.

கூச்சல் எப்போதோ நின்றிருந்தது.

கோமளம் பூவரசுக்குப் பறந்தது. வால்காக்கை கிளையில் அலகைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு பேர் கத்தினா எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஒருத்தி கத்தினா என்ன?” என்றது. பிறகு நீள வாலை ஆட்டிக்கொண்டு பறந்துவிட்டது.

கூடு கிழிந்து தொங்கியது. பஞ்சு கீழே சிதறிக் கிடந்தது. அடியில் மிஞ்சிய ஒற்றை முட்டைமேல் செல்லி கவிழ்ந்து படுத்திருந்தது. அதன் முதுகு ரத்தமாக இருந்தது. வாலில் பாதியைக் காணோம்.

கிழிந்த இலை காற்றில் திரும்பியது. இத்தனை நாள் பஞ்சு மறைத்திருந்த உள்பக்கம் வெளியே தெரிந்தது. மஞ்சள் ரிப்பன் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூ முடிந்ததும் வெட்ட மனமில்லாமல், ரிப்பனை அப்படியே அடுத்த பூவுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தைத்தது கோமளம்தான். முன்பக்கத்தில் பூவானதைவிடப் பின்பக்கத்தில் வீணாய்ப் போனதுதான் அதிகம். காணாமல் போன ரிப்பன் முழுக்க அங்கேதான் இருந்தது.

செல்லி தலையைத் தூக்கியது. “அத்தனை தடவை கூப்பிட்டேனே அக்கா. கேக்கலையா?”

கோமளத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. “கேட்டுது,” என்றது.

செல்லி அப்போதுதான் அதன் அலகைப் பார்த்தது. அலகின் ஓரத்தில் தேக்கிலைத் துணுக்கும், பிய்ந்த மஞ்சள் முடிச்சு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன.

“பின்பக்கம் வேணாம்னு சொன்னேனேக்கா,” என்றது.

பிறகு முட்டையை மெல்லக் கோமளத்தின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அரை வாலோடு கிளை கிளையாக இறங்கிப் போனது. கோமளம் கூப்பிட்டது. செல்லி திரும்பவில்லை.

அடுத்தவர் மறைத்ததையெல்லாம் திருட்டு என்று எண்ணுகிறவர், தாமே தொலைத்ததைத் தம் வீட்டில் தேடாமல், தமக்குக் காவல் நின்றவரையும் சேர்த்துத் தொலைத்துவிடுவார்.