வலையில்லாத ஆட்டம்

எங்கள் சர்க்கஸில், உயரத்தில் ஊஞ்சல்போல் ஆடும் பார் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர் செண்பகவல்லி. கூடாரத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. தலை நரைத்த பிறகும் அவர் ஏணியில் ஏறினால் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். கீழே டிரம் வாசிக்கிற நான் அடிக்க மறந்துபோய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கரூரில் கூடாரம் போட்டிருந்தபோது, ஒருநாள் காலைப் பயிற்சியில் அவருடைய சிஷ்யன் துரைக்கண்ணு முன்னால் வந்து நின்றான். பாரை விட்டுப் பறப்பவன் அவன். எதிர் பாரில் தலைகீழாகத் தொங்கி அவனைப் பிடிப்பவர் இப்ராகிம் அண்ணன்.

“ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வலை வேண்டாம் மாஸ்டரம்மா. நீங்க சரின்னா முதலாளியும் சரிங்கிறார்.”

“ஏன்?”

“வலையைப் பார்த்தாலே ஜனம் கொட்டாவி விடுது. ரிஸ்க் எடுத்தாத்தான் கைதட்டுவாங்க.”

“ரிஸ்க்னா என்னப்பா அர்த்தம்?”

“விழுந்தா நான் விழுவேன். ஒடிஞ்சா என் எலும்பு. அதான் ரிஸ்க். வேற யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

பக்கத்தில் இப்ராகிம் அண்ணன் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இவருக்கு எப்பப் பாரு கை வேர்க்கும்,” என்று துரைக்கண்ணு சிரித்தான்.

மாஸ்டரம்மா உள்ளே போய்ப் பயிற்சி உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார்.

“வலையை அவிழ்த்துடுங்க. இன்னிக்கு நான் பறக்கிறேன். துரை, நீ இப்ராகிம் இடத்துல தொங்கு.”

பிடிக்கிற வேலையும் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் எப்போதும் கீழே வலை இருக்கும். உற்சாகமாக ஏறினான். கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கினான். ஆடத் தொடங்கியதும் கீழே பார்த்தான். வெறும் தரை.

எதிர்ப் பலகையில் ஏறி நின்று மாஸ்டரம்மா பாரைப் பிடித்துவிட்டார். நான் டிரம் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

“மாஸ்டரம்மா, வேண்டாம்!” என்று தொங்கியபடியே கத்தினான் துரைக்கண்ணு.

“ஏன்டா? விழுந்தா நான் விழுவேன். ஒடிஞ்சா என் எலும்பு. உனக்கென்ன?”

“ஐயோ, என் கை வேர்க்குது! பொடி நிக்க மாட்டேங்குது! வலையைக் கட்டச் சொல்லுங்க!” அழுதேவிட்டான், அவ்வளவு பெரிய ஆள்.

மாஸ்டரம்மா தலையசைத்தார். முதலில் ஓடிப்போய் வலைக் கயிற்றை இழுத்தவர் இப்ராகிம் அண்ணன்தான். கட்டி முடித்து, முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

பிறகு மாஸ்டரம்மா பறந்தார். அடேயப்பா! அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சல்! துரைக்கண்ணு அவருடைய மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நாங்கள் விசிலடித்த சத்தத்தில் கூடாரம் அதிர்ந்தது.

இருவரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். அவன் மூச்சு வாங்கக் கேட்டான்.

“உங்க கை கொஞ்சம்கூட வேர்க்கலையே மாஸ்டரம்மா?”

“பறக்கிறவளுக்கு எதுக்குடா வேர்க்கணும்? பிடிக்கிறவனுக்குத்தான் வேர்க்கும்.”