காய்ஞ்சு போன பல்செட்

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் தாத்தா இருந்தாராம், பூதலிங்கம்னு பேரு. அவர் "போலாம் ரைட்"னு ஒரு குரல் விட்டா, பக்கத்துல நிக்கிற லாரி கூட கிளம்பிடுமாம். ம் சொல்லு.

அப்புறம் அவருக்கு வயசாச்சு, பல்லெல்லாம் போச்சு. அப்போ மகனுக்கு ஒரு பொண்ணு பொறந்துது. செத்துப்போன பாட்டி பேரையே வெக்கலாம்னாங்க. சரஸ்வதி. ஆமா, உன் பேருதான், படு.

முப்பதாம் நாள் குழந்தை காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும்ல? "பொக்கை வாயால அவ பேரைக் கொழகொழன்னு சொல்ல மாட்டேன்"னு தாத்தா போய்ப் பல்செட் கட்டிக்கிட்டாரு. டாக்டர் மூக்காலயே பேசுவாரு. "பெரியவரே, கொஞ்ச நாள் வலிக்கும். இட்லியை ரெண்டு பக்கமும் மெல்லுங்க. பேப்பரைச் சத்தமாப் படிங்க, நாக்கு பழகிடும். தூங்கறப்போ கழுவித் தண்ணியில போடுங்க. காய விட்டா கோணிக்கும்."

தாத்தா கண்ணாடி முன்னாடி நின்னாரு. "ஸ்ஸரஸ்ஸ்வதி." குக்கர் விசில் மாதிரி வந்துது.

கதவுக்குப் பின்னாடி மூத்த பேத்தி குழலி. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவா. அவளும் "ஸ்ஸரஸ்ஸ்வதி"ன்னா. தாத்தா சிரிச்சாரு.

மறுநாள் பால்காரர்கிட்ட சொல்லிக் காட்டினா. தாத்தா லேசா சிரிச்சாரு.

மூணாவது, சம்பந்தி வீட்டாளுங்க கூடத்துல உக்காந்திருந்தப்போ. கெக்கெக்கேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. தாத்தா சிரிக்கல. உள்ள போய்ப் பல்லைக் கழட்டி, பேப்பர்ல சுத்தி, மூக்குக் கண்ணாடி டப்பாவுல போட்டு, டப்னு மூடிட்டாரு. கிண்ணத்துத் தண்ணி சும்மாவே கெடந்துது.

ம் சொல்றியா?

முப்பதாம் நாள் வந்துது. டப்பாவைத் தொறந்து மாட்டிப் பாத்தாரு. ஒரு தடவை, உக்காரல. ரெண்டாவது தடவை, ஈறுல கீறி ரத்தம். மூணாவது தடவை மாட்டிட்டு, குழந்தை பக்கம் குனிஞ்சாரு. டொக். பல்லு தரையில கெடந்துது. அன்னிக்கு யாரும் சிரிக்கல. குழந்தையோட இன்னொரு தாத்தா வந்து பேரைச் சொன்னாரு.

அப்புறம் குழலி தினமும் கிண்ணத்துல புதுத் தண்ணி வெச்சா. "வேற பல்லு கட்டிக்கலாம் தாத்தா"ன்னா. "விடுடா, குழந்தைக்குப் பேர் வெச்சாச்சு"ன்னாரு. கடைசி வரைக்கும் அந்தக் குழந்தையைக் குட்டின்னுதான் கூப்பிட்டாரு.

ஆமா, உன்னைத்தான்.

என்ன, அவர் குரல்ல உன் பேரைச் சொல்லணுமா? நான் கேட்டது அந்த விசிலோடதாண்டி. இந்தக் குழலிக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது. பரவால்லையா?

காதைக் குடு.

ஸ்ஸரஸ்ஸ்வதி. ஸ்ஸரஸ்ஸ்வதி. ஸ்ஸரஸ்ஸ்வதி.

அவ்ளோதான் கதை. கண்ணை மூடு.