கிரீடத்துக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு

"இனிமே மாமாவுக்கு நான் ஒண்ணுமே வாங்கித் தர மாட்டேன்க்கா. எதைக் கொடுத்தாலும் முதல்ல தராசுல வைக்கிறார்."

தவமணி கொல்லைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மருமகள் பிரிசில்லா தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் இட்லிக்கும் லென்ஸ் வைப்பார் பாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் குழாயைச் சத்தமில்லாமல் மூடினார். தான் அங்கே நின்றது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அன்று மத்தியானமே நாகூருக்குப் பஸ் ஏறினார்.

நாகூரில் நஸ்ரீன் இருக்கிறாள். பழங்காசுகளைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிறவள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான தவமணி, அவளிடம் அந்த வித்தையைக் கற்றுவருகிறார். அவரிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகளின் வயதுதான் அவளுக்கு இருக்கும். ஆனாலும் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"உண்மையைச் சொன்னா தப்பா டீச்சர்?"

வாசலிலேயே நின்று கேட்டார்.

"உள்ளே வாங்க சார். உட்காருங்க. என்ன உண்மை?"

"என் பிறந்தநாளுக்கு மருமக ஒரு காசு வாங்கிக் கொடுத்தா. ஆன்லைன்ல. தரங்கம்பாடி ஈயக்காசு. டேனிஷ்காரன் காலத்துது."

"ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருக்கீங்களே, அதுவா?"

"அதேதான். ஆனா போலி."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஈயம்தான். ஆனா போன மாசம் ஊத்தின ஈயம். எடை கூட இருந்துச்சு. விளிம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு. ரெண்டு அச்சைச் சேர்த்து வச்சு ஊத்தினா வருமே, அது."

"அப்புறம்?"

"காசுல இருக்கிற கிரீடத்துக்குப் பக்கத்துல ஒரு தழும்பு. அதுலதான் வசமா மாட்டினான். போன்ல அந்தக் கடைக்காரன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவன் விக்கிற காசு அத்தனையிலும், அதே இடத்துல அதே தழும்பு."

"அடிபட்ட ஒரு காசை வச்சு அச்சு எடுத்திருக்கான்."

"ஆமா. அசல் காசு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல அடிபட்டிருக்கும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே."

"நல்லாக் கத்துக்கிட்டீங்க சார்."

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாடியது.

"வந்தவங்க எல்லாருக்கும் அந்தப் படங்களைக் காட்டினேன் டீச்சர். கேக் கூட வெட்டல. அவ 'சரி மாமா'ன்னு சொன்னா. காசை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா."

நஸ்ரீன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"காலையில காபி கொண்டு வரும்போது, 'இன்னைக்கு என்ன காசு மாமா?'ன்னு கேட்பா. காசைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா கேட்பா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா."

"இப்போ?"

"டம்ளரை வச்சுட்டுப் போயிடுறா."

ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அது பறந்து போனது.

"ஒரு யோசனை டீச்சர். அசல் ஒண்ணைத் தேடி வாங்கி, அதை அவ கொடுத்ததா நினைச்சு வச்சுக்கட்டுமா?"

நஸ்ரீன் சிரிக்கவில்லை.

"நான் உங்களுக்குச் சொன்ன முதல் பாடம் என்ன சார்?"

"எடை."

"அது ரெண்டாவது."

எத்தனையோ பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றி நிறுத்தியவர், தானே ஏறி நிற்பதுபோல் விழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காசைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கொண்டுவந்தவங்களைப் பார்க்கணும். இது எப்படி உங்க கைக்கு வந்துச்சுன்னு கேட்கணும்."

"கேட்டீங்களா?"

"அதான் ஆன்லைன்னு தெரியுமே..."

நஸ்ரீன் மேஜை விளக்கை அணைத்தாள். அவர் முன்னால் இருந்த அவருடைய லென்ஸை எடுத்து உறையில் போட்டாள். உறையைத் தன் டிராயரில் வைத்து மூடினாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கிளம்புங்க சார்."

"என் லென்ஸ்?"

"அடுத்த வாரம் வாங்கிக்கலாம்."

மறுநாள் காலை பிரிசில்லா காபி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பிரிசில்லா."

"சர்க்கரை பத்தலையா மாமா?"

"அந்தக் காசு இருக்காம்மா?"

அவள் முகம் சுருங்கியது.

"திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம் மாமா. உங்க பிள்ளையும் பேசிப் பார்த்துட்டார்."

"அதுக்குக் கேட்கல. எத்தனையோ பேர் விக்கிறாங்களே. அதுல இதை ஏன் எடுத்தே?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறையப் பார்த்தேன் மாமா. நல்ல நல்ல காசெல்லாம் இருந்துச்சு. ஒண்ணுலயும் அது இல்ல."

"எது?"

"பல்லு பட்ட இடம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு தடவை சொன்னீங்களே. கைக்குழந்தையா இருந்தப்போ உங்க கழுத்துல அந்தக் காசைக் கயித்துல கோத்துக் கட்டியிருந்தாங்கன்னு. பல்லு முளைக்கிறப்போ நீங்க கடிச்சுக் கடிச்சு, கிரீடத்துக்குப் பக்கத்துல தடம் விழுந்துடுச்சுன்னு. அப்புறம் வெள்ளத்துல போயிடுச்சுன்னு."

அதைச் சொன்னது அவருக்கே நினைவில்லை.

"இதுல அதே இடத்துல தழும்பு இருந்துச்சு. உங்க காசுதான் எங்கெங்கேயோ சுத்திட்டுத் திரும்பி வந்துடுச்சோன்னு..."

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"எல்லாத்துலயும் அதே தழும்பு இருக்குன்னு எனக்குத் தெரியல மாமா. நான் ஒண்ணைத்தான் பார்த்தேன்."

காபியில் ஆடை படிந்தது.

"அதை எடுத்துட்டு வாம்மா."

மளிகை டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். கடையிலிருந்து வந்த பஞ்சு உறையிலேயே பத்திரமாக இருந்தது.

அவர் அதை உள்ளங்கையில் வாங்கினார். மற்றொரு கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. கை திரும்பி வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் தழும்பு தெரிந்தது. கிரீடத்துக்கு இடப்பக்கம். படங்களில் பார்த்த அதே தழும்பு.

தவமணி காசை வாய்க்குக் கொண்டுபோனார். கிரீடத்தின் வலப்பக்கத்தில் கடைவாய்ப் பல்லை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக் கடித்தார்.

"மாமா, என்ன பண்றீங்க? பல்லு போயிடப் போகுது."

ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தது.

காசை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தார். புதுத் தடம் மேலே தெரியும்படி அவள் உள்ளங்கையில் வைத்தார்.